நான்கில் மூன்றாம் பக்கம்

ஜூன் 3, 2014, செவ்வாய்

லூசியேன் போய் ஆறு நாள் ஆகிறது. காலையில் இட்லிக்கு மாவு அரைத்தேன். மாமியார் பிலோமேன் அத்தை போனதிலிருந்து பன்னிரண்டு வருடமாக ஒருத்திக்குத்தான் அரைக்கிறேன். அதனால் அளவில் எந்த மாற்றமும் இல்லை.

பிரான்சிலிருந்து, துலூஸ் நகராட்சியின் மின்னஞ்சல் வந்திருக்கிறது. உங்கள் கணவரின் உடலை இந்தியாவுக்குக் கொண்டுபோகிறீர்களா, இங்கேயே அடக்கம் செய்யச் சம்மதமா, சட்டப்படியான மனைவி என்ற முறையில் பதின்மூன்றாம் தேதிக்குள் எழுதித் தெரிவிக்கவும் என்று மூன்று வரி. கூடவே நான்கு பக்க இணைப்பு. நான் இணைப்பைத் திறக்கவில்லை.

கொண்டுவருவதென்றால் அந்த நான்கு பக்கமும் ஆங்கிலத்தில் வேண்டும். விமானக் கம்பெனி கேட்கும், இங்கே இறக்கும்போது கேட்பார்கள். பிரெஞ்சுப் பேப்பரை ஆங்கிலத்தில் போடுவதுதான் என் தொழிலே. இந்தப் பாண்டிச்சேரியில் யார் பிறந்தார்கள், யாரைக் கட்டினார்கள், எப்போது செத்தார்கள் என்பதெல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். ஆனால் சொந்த வீட்டுப் பேப்பரில் நம் முத்திரையை நாமே குத்தக் கூடாது. வேறு ஆளிடம்தான் கொடுக்க வேண்டும்.

வேறு ஆள் என்றால் இங்கே இதே தொழில் செய்யும் சபாபதிதான். அந்த மனுஷனுடன் நான் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது.

சாயங்காலம் பால் திரிந்துவிட்டது.

ஜூன் 4, புதன்

கடற்கரைப் பக்கத்து ஓட்டல் வேலையைத் தொடங்கினேன். மானேஜர் பிஜு போன மாதமே கொடுத்தது. அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் மணிப்பூர், ஒடிசா என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். பிரெஞ்சுக்காரர்கள் வந்து நின்று கேட்டால் முழிக்கிறார்கள். வழக்கமாகக் கேட்கிற அறுபது கேள்வியை அட்டையில் எழுதி, பக்கத்தில் ஆங்கிலமும் போட்டுக் கொடுக்க வேண்டும். பிஜு போனில், "மேடம், இப்ப வேண்டாம், பின்னே செய்யாம். நீங்க ரெஸ்ட் எடுக்கணும்" என்றார். ரெஸ்ட் எடுத்து என்ன செய்வதாம்? பத்தாம் தேதிக்குள் தருகிறேன் என்றேன்.

பன்னிரண்டு அட்டை முடிந்தது. குளிக்க வெந்நீர் உண்டா? கடற்கரை இங்கிருந்து தூரமா? நீங்கள் தனியாகவா வந்திருக்கிறீர்கள்? எல்லாம் சுலபமான கேள்விகள். யோசிக்காமல் கை எழுதியது.

கீழ்வீட்டிலிருந்து லெயோனி அக்கா ரசம் கொண்டுவந்தாள். லூசியேனுக்கு மூத்தவள். எனக்கு நாத்தனார் என்றாலும் அக்கா என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம். சாப்பிடும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எப்படி அமலு ஒரு சொட்டு கண்ணீர் இல்லாம இருக்க?"

"வரலக்கா."

"உடம்பு வந்தா வரும். வந்தப்புறந்தான் தாலிய கழட்டணும். அதுவரைக்கும் கழுத்துலயே கெடக்கட்டும்."

சரி என்றேன். கழுத்தில் இருப்பது எனக்கு உறைக்கவே இல்லை என்று சொல்லவில்லை.

ஜூன் 5, வியாழன்

அட்டை பதிமூன்றிலிருந்து முப்பது வரை. மின்சாரம் இரண்டு மணிநேரம் இல்லை.

ஜூன் 6, வெள்ளி

நான்கு பக்கத்தையும் திறக்காமலேயே சபாபதிக்கு அனுப்பிவிட்டேன். மேலே ஒரே ஒரு வரி: "என் கணவர் சம்பந்தமானது, ஆங்கிலத்தில் தேவை, அமலோற்பவம்." பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "திங்கட்கிழமை தருகிறேன், மதாம். மிகவும் வருந்துகிறேன்." நாகரிகமாகத்தான் எழுதுகிறார். 2003இல் மாதா கோயில் தெருவில் நான்கு பேர் பார்க்க நிற்கவைத்து, "உங்களது கன்னியாஸ்திரிங்க சொல்லிக்குடுத்த பிரெஞ்சு, மதாம். கோர்ட்டுக்கு ஒத்துவராது" என்ற மனுஷன்தான் இவர். காரணமே கிடையாது. அதற்கு முன்தினம்வரை என் மொழிபெயர்ப்புக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆள்.

எல்லோர் பேப்பரையும் வரி விடாமல் படிக்கிறவள் புருஷன் பேப்பரை மட்டும் ஏன் திறக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் தொழில் வழக்கம் என்று சொல்லலாம்.

லூசியேன் சொல்தா வீட்டுப் பிள்ளை. அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் பிள்ளைக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. கல்யாணமான மறு வருடம் போனார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆகஸ்டில் வருவார். "ஒன் பேப்பர் இன்னும் ஆகல அமலு. அங்க குளிரு வேற, நீ தாங்க மாட்ட" என்பார். எந்தப் பேப்பர், எந்த ஆபீசில் நிற்கிறது, கொடுங்கள் பார்க்கிறேன் என்று இருபத்து மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. ஊரார் வந்து, "மதாம், எங்க பேப்பர் எங்க நிக்குது பாருங்க" என்று கேட்கிறார்கள். மறுநாளே கண்டுபிடித்துச் சொல்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

பெந்தெகொஸ்தே பூசை. சாமியார் லூசியேன் பெயரைச் சொல்லி செபிக்கச் சொன்னார். வெளியே வந்ததும் ஆளுக்கு ஆள், "எப்ப கொண்டு வர்றீங்க?" லெயோனி அக்கா எனக்கு முன்னால் பதில் சொன்னாள். "இன்னும் பத்து நாள்ல வந்துடுவான். அம்மா பக்கத்துலயே வச்சிடுவோம்." அப்படியே என் கையைப் பிடித்துக் கல்லறைக்கு இழுத்துப்போனாள். பிலோமேன் அத்தை கிடக்கிற கல்லறையை ஆள் விட்டுக் கழுவி, சுண்ணாம்பும் அடித்திருக்கிறாள்.

அத்தை ஒன்பது வருடம் படுக்கையில் கிடந்தார். நான்தான் பார்த்தேன். அடக்கத்துக்கு வந்த லூசியேன் எட்டே நாளில் கிளம்பிவிட்டார், வேலை என்று. "பொண்ணு பொறந்தா அம்மா பேருதான்" என்று கல்யாணமான புதிதில் சொல்லிக்கொண்டிருப்பார். பிறக்கவில்லை.

மதியம் மீன் குழம்பு. உப்புப் போட மறந்திருக்கிறேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது.

ஜூன் 9, திங்கள்

சபாபதி உறையை ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருந்தார். நல்ல தாள். கடைசியில் முத்திரை, கையெழுத்து, "நான்கு பக்கங்களின் மொழிபெயர்ப்பு" என்ற குறிப்பு. எல்லாம் முறையாக இருக்கிறது.

நாங்கள் ஒவ்வொரு தாளின் அடியிலும் எத்தனையில் எத்தனையாவது என்று போடுவோம். நான்கில் ஒன்று, இறப்புச் சான்று. நான்கில் இரண்டு, டாக்டர் கடிதம். சமையலறையில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார் என்று அதில் இருக்கிறது. அதற்கடுத்த தாள் நான்கில் நான்கு. உடல் எடுத்துவருவதற்கான படிவம்.

மூன்று இல்லை. உறையை உதறிப் பார்த்தேன், மேசைக்கு அடியிலும் பார்த்தேன். பிறகு காபி போட்டுக் குடித்தேன்.

கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒரே நிமிடத்தில் மூன்றாம் பக்கம் தெரிந்துவிடும். திறக்கவில்லை. துணி காயப்போட வேண்டியிருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

அட்டை முப்பத்தொன்றிலிருந்து அறுபதுவரை முடித்தேன். ஒன்றைத் தவிர. நாற்பத்தொன்று, தொலைபேசிப் பகுதியில் வருவது. "செ த லா பார் த கி?" யார் பேசுகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்பது. பிரெஞ்சுக்காரர்கள் போனை எடுத்தால் 'அலோ'வுக்கு அடுத்து வருகிற வாக்கியம் இதுதான். ஆங்கிலம் எழுத அரை நிமிடம் போதும். காலையிலிருந்து அந்த இடம் காலியாகக் கிடக்கிறது.

காரணத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள்? 2006 கிறிஸ்துமஸ் சமயம் லூசியேனுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். "செ த லா பார் த கி?" என்று கேட்டாள். பின்னால் ஒரு குழந்தை, "பாப்பா, பாப்பா" என்று அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் வைத்துவிட்டேன். ராங் நம்பர் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அடுத்த ஆகஸ்டில் அவர் வந்தபோது கேட்கவில்லை. வஞ்சிரம் வாங்கி வறுத்துப் போட்டேன்.

எட்டு வருடமாக எனக்குத் தெரியும். தெரியாது என்று இருப்பதற்கு நன்றாகப் பழகிவிட்டேன்.

பிஜு போன் செய்தார். ஒரு அட்டை பாக்கி என்றேன்.

ஜூன் 11, புதன்

சபாபதி கடைக்குப் போனேன். பதினோரு வருடத்துக்குப் பிறகு அந்தப் படியேறினேன். தலை முழுக்க நரைத்துவிட்டது மனுஷனுக்கு. என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"மூணாம் பக்கம் எங்க சார்?"

"மதாம், அது வந்து… ஏதோ விட்டுப்போயிருக்கும்…"

"கையெழுத்துல நாலு பக்கம்னு போட்டிருக்கீங்க. உள்ள மூணுதான் இருக்கு. பக்கத்த விடுற ஆளா நீங்க?"

அவர் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"விட்டுத்தான் அனுப்பினேன். இத்தன வருஷத்துல இதான் மொத தடவ. கொண்டுவர்றதுக்கு அந்தப் பக்கம் தேவையில்ல மதாம். அது இல்லாமலே வேல நடக்கும். நீங்க அத பாக்காமலே அடக்கம் பண்ணிடலாம்னு நெனச்சேன்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும், நான் பாக்கலன்னு?"

மேசை இழுப்பறையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"ரெண்டாயிரத்து மூணு ஆகஸ்டுல முசியே லூசியேன் இங்க வந்தாரு. ஒரு பிறப்புப் பேப்பர் குடுத்தாரு, இங்கிலீஷ்ல போடணும்னு. கொழந்தைய ஒரு தடவ ஊருக்குக் கூட்டிட்டு வரணும்னு சொன்னாரு. அப்புறம் மனசு மாறிட்டாரோ என்னவோ, வாங்கிக்க வரவே இல்ல. இன்னும் இதுலதான் கெடக்குது."

நான் இழுப்பறைக்குள் எட்டிப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

"கொண்டுவந்து குடுக்குறவங்க விஷயத்த வெளிய சொல்லக் கூடாது, ஒங்களுக்கே தெரியும். சொல்லாம ஒங்க கடையில ஒக்காந்து டீ குடிக்கவும் முடியல. அதான் ஒரு சண்டைய நானே உண்டாக்கிக்கிட்டேன்."

"அப்போ என் பிரெஞ்சு?"

"ஒங்க பிரெஞ்சுக்கு என்ன கொறச்சல்? என்னோடத விட நல்லா இருக்கும்."

படுபாவி மனுஷன்! அந்த ஒரு வார்த்தைக்காகப் பதினோரு வருடம் ஒவ்வொரு பேப்பரையும் மூன்று தடவை திருத்தியிருக்கிறேன். அகராதி இரண்டு கிழிந்துபோனது. புருஷன் விஷயத்துக்கு வராத கோபம் இதற்கு வந்தது. நன்றாகத் திட்டினேன். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

பிறகு இழுப்பறையிலிருந்து பழுப்பேறிய உறையை எடுத்தார். "மூணாம் பக்கம் ஒங்க கம்ப்யூட்டர்லயே இருக்கு. இதையும் எடுத்துட்டுப் போறீங்களா? கொழந்த பேரு…"

"பேரச் சொல்லாதீங்க சார்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது.

ஜூன் 12, வியாழன்

காலை ஒன்பது மணிக்கு மூன்றாம் பக்கத்தைத் திறந்தேன். கையால் எழுதின கடிதம். நகராட்சிக்குக் கொடுத்து, எனக்குச் சேர்க்கச் சொல்லியிருக்கிறாள். எழுதியவள் பெயர் சில்வி. வெறுமனே படிக்க முடியவில்லை, எழுத்து கண்ணில் நிற்காமல் ஓடியது. அதனால் தாளைப் போட்டு, எப்போதும் செய்கிற மாதிரி ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். வேலையாகச் செய்தால் முடிகிறது. எழுத்துப்பிழை நிறைய. பள்ளிக்கூடத்தில் அவளும் சமையலறையில்தான் வேலை செய்கிறாளாம்.

அதற்கு மேல் அவள் எழுதியிருப்பது இவ்வளவுதான்:

"மதாம், அவர் என்னிடம் உங்களைப் பற்றி மறைக்கவில்லை. உங்களிடம்தான் மறைத்தார். பன்னிரண்டு வருடம் அதற்கு நானும் உடந்தையாக இருந்தேன். மன்னிப்புக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அவரைக் கொண்டுபோவது உங்கள் உரிமை, நான் தடுக்க முடியாது. எங்கள் மகளுக்குப் பதினோரு வயது. அவள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற தூரத்தில் அவள் அப்பா இருக்கட்டும் என்று கேட்கிறேன். வேறு எதுவும் கேட்கவில்லை." கீழே கைபேசி எண்.

அடியில் நான்கில் மூன்று என்று போட்டேன். முத்திரை குத்தவில்லை.

மதியம் லெயோனி அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டுவிட்டு முறத்தைத் தள்ளிவைத்தாள்.

"பொய்யி. எவளோ எழுதிப் போட்டிருக்கா."

"இல்லக்கா. எனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சா ஏண்டி வாய மூடிக்கிட்டு இருந்த?"

"கேட்டா வராம இருந்துடுவாருன்னு பயமா இருந்துச்சி."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. "அந்தச் சிறுக்கிகிட்ட என் தம்பிய உட்டுக்குடுக்கச் சொல்றியா? அம்மா பக்கத்துல எடம் கழுவி வச்சிருக்கேன்டி! நாளைக்குக் கொண்டு வர்றோம்னு எழுதல, அப்புறம் எம் மூஞ்சில முழிக்காத."

சாயங்காலம் ஐந்து மணிக்கு, அங்கே மதியம் ஒன்றரை, அந்த எண்ணுக்குப் போன் போட்டேன். மூன்று தடவை மணி அடித்ததும் எடுத்தாள். அதே குரல்தான். அதே கேள்வி. "செ த லா பார் த கி?"

இந்தத் தடவை வைக்கவில்லை. "அமலோற்பவம். பாண்டிச்சேரியிலிருந்து" என்றேன்.

அவள் அழுதாள். நான் காத்திருந்தேன். மற்றவர்கள் அழும்போது காத்திருக்க எனக்குத் தெரியும், கடையில் தினமும் நடப்பதுதான். அழுகை நின்றதும், "அவருக்கு என்ன உடுத்துவது மதாம்? உங்கள் பக்கம் எப்படி?" என்று கேட்டாள்.

என் பிறந்த வீட்டிலிருந்து கோடித்துணி வரவேண்டும். அண்ணன் கொண்டுவந்து போர்த்துவான். அதை எப்படி விளக்குவது? "புதுசாக ஒரு வெள்ளைத் துணி வாங்குங்கள். துவைக்க வேண்டாம், இஸ்திரி போட வேண்டாம். மடிப்பு அப்படியே இருக்கட்டும். என் வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லிப் போர்த்துங்கள்" என்றேன். எழுதிக்கொண்டாள், பேனா சத்தம் கேட்டது.

"மண் போடுகிற நேரத்தில் எனக்கு ஒரு போன்" என்றேன். சரி என்றாள்.

எவ்வளவு நேரம் பேசினோம் என்று பார்க்கவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கால் மட்டும் மரத்துப்போயிருந்தது.

ஜூன் 13, வெள்ளி

துலூஸிலேயே அடக்கம் செய்யச் சம்மதம் என்று பதில் அனுப்பினேன். சட்டப்படியான மனைவி என்று கையெழுத்துப் போட்டேன்.

அக்கா கதவு மூடியிருக்கிறது. ரசம் வரவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

இன்று பகல் பதினொரு மணிக்கு அங்கே அடக்கம். நமக்கு மதியம் இரண்டரை. ஒன்றரைக்கே குளித்து, வெள்ளைப் புடவை கட்டி, போனை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இரண்டு மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம். லெயோனி அக்கா. என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து, "எனக்கும் தம்பிதான அவன்?" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டேன். இருவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு நாற்பதுக்கு அடித்தது. சில்விதான் என்று எடுத்தேன். யாரும் பேசவில்லை, யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பின்னால் சாமியார் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். என் வாயில் தானாக வந்தது: "செ த லா பார் த கி?"

ஒரு சிறுமியின் குரல். மெதுவாக, பள்ளிக்கூடத்தில் பெயர் சொல்வதுபோல் சொன்னாள்.

"பிலோமேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அக்காவுக்கும் கேட்டது. "மாதாவே! அம்மா பேருடி" என்று என் கையை அழுத்திப் பிடித்தாள். "அம்மா பேர வச்சிருக்கான்டி அவன்."

ஒன்பது வருடம் நான் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்த பெயர் அது. அந்தப் பெயரை எனக்குப் பிறக்காத பெண்ணுக்கு என்று எடுத்து வைத்திருந்தோம். அவர் கொண்டுபோய் அங்கே கொடுத்துவிட்டார். முதலில் நெஞ்சு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன! பிறகு அந்தப் பிள்ளை தயங்கித் தயங்கி, "இப்போது மண் போடுகிறார்கள் மதாம். நீங்கள் கேட்கிறீர்களா?" என்றாள்.

கேட்கிறேன் என்றேன். கைபேசியைக் குழிக்கருகில் நீட்டியிருப்பாள் போல. மண் பெட்டிமேல் விழுகிற சத்தம் இந்தக் கூடம்வரை வந்தது. ஆறேழு தடவை. பிறகு நின்றுவிட்டது.

அக்கா என் கழுத்துக்குப் பின்னால் கைகொடுத்துத் தாலியைக் கழற்றினாள். கொக்கி லேசில் வரவில்லை. அதுவரை ஒன்றும் தெரியாத கழுத்தில் பாரம் குறைந்தது நன்றாகத் தெரிந்தது. அழுதேன். வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. இருபது நாளில் இப்போதுதான் வந்தது. பிள்ளைக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

அக்கா போனை என்னிடமிருந்து பிடுங்கினாள். மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த நாலு வார்த்தை பிரெஞ்சை எங்கிருந்தோ தேடி எடுத்து, "பிலோமேன்? சா வா? நல்லாருக்கியா? சாப்புட்டியாம்மா?" என்று கேட்டாள். பாதி புரியாமல் அந்தப் பிள்ளை, "வி" என்றாள். ஆமாம் என்று.

சாயங்காலம் நாற்பத்தொன்றாம் அட்டைக்கு ஆங்கிலம் எழுதி பிஜுவுக்குக் கொடுத்தனுப்பினேன். சபாபதி இழுப்பறையில் கிடக்கிற உறையை நாளைக்குப் போய் வாங்கிவர வேண்டும்.